கண்மாய்ப் பாதுகாப்புக் குழுவும் நிதி திரட்டலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்கும் சிவகங்கைக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பகுதியில் இயங்கும் எங்கள் கண்மாய்ப் பாதுகாப்புக் குழுவின் கணக்கு நோட்டு ஆறு ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. வசூலுக்குப் போகும் வீடுகளிலும், டீக்கடை பெஞ்சிலும், எங்களைப் போலவே குழு தொடங்க விரும்பிப் பக்கத்து ஊர்களிலிருந்து வருபவர்களிடமிருந்தும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எங்களுக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

"கண்மாயைக் காப்பாத்துறதுன்னா தூர் வாருறதுதானே? அதுக்கு எதுக்கு இத்தனை கூட்டம், இத்தனை நடை?"

தூர் வாருவது வேலையின் ஒரு பகுதி மட்டுமே. பெரும்பாலான கண்மாய்களில் அது முதல் வேலையும் அல்ல. ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழத்துக்கு மண் எடுத்தால் 43,560 கன அடி, அதாவது ஏறத்தாழ 1,233 கன மீட்டர் இடம் கிடைக்கும். டிராக்டர் டிப்பர் ஒன்று மூன்று கன மீட்டர் ஏற்றும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஓர் ஏக்கருக்கே நானூறு நடைக்கு மேல் ஆகும். நூறு ஏக்கர் கண்மாயை வசூல் பணத்தில் தூர் வாரிவிடலாம் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இதையே மறுபக்கத்திலிருந்தும் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 50,000 கன மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே ஓடி வந்தாலும் 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர். கண்மாய்க்கு நீர் கொண்டு வரும் வரத்துக்கால் ஓரிடத்தில் அடைபட்டிருந்தால் அந்த ஒரு கோடி லிட்டரும் கண்மாய்க்கு வராமல் வேறு பக்கம் போய்விடும். எட்டு ஏக்கரில் ஓரடி தூர் வாரிப் பெறும் கொள்ளளவை, அடைப்பு எடுக்காத ஒரே மழையில் இழந்துவிடுகிறோம். ஆகவே எங்கள் பணத்தில் பெரும்பங்கு வரத்துக்காலுக்கும், அடுத்து வயலுக்கு நீர் திறக்கும் மடைக்கும் மிகுநீர் வழியும் கலுங்குக்கும், அதன் பிறகே நீர் நிற்கும் உள்வாய்க்கும் போகிறது. அடைப்பு எங்கே என்பதை நடந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்பதால் நடையும் கூட்டமும் தேவைப்படுகின்றன.

"நீர்வடிப்பகுதின்னு சொல்றீங்களே, அது எது? எங்க தோட்டம் அதுல வருமா?"

எந்த நிலத்தில் விழும் மழை சரிவில் ஓடி உங்கள் கண்மாய்க்கு வந்து சேருகிறதோ அந்த நிலம் முழுவதும் அந்தக் கண்மாயின் நீர்வடிப்பகுதி. கரைக்குக் கீழே கண்மாய் நீரால் பாசனம் பெறும் ஆயக்கட்டு வயல்கள் அதில் சேரா. கரைக்கு மேலே இருக்கும் மேய்ச்சல் நிலம், பொட்டல், குன்றடி, மேலூர்களின் தெருக்கள் ஆகியவையே சேரும். உங்கள் தோட்டம் அதில் வருகிறதா என்று அறிய, பலத்த மழையின்போது வரப்போரம் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் போதும்.

வைகை, குண்டாற்றுப் பகுதிகளில் கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் நீர்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. ஒரு கண்மாய்க்கு மட்டும் குழு அமைத்து, மேலே இருக்கும் ஊரோடு பேச்சே வைத்துக்கொள்ளாத முயற்சிகள் இரண்டாம் ஆண்டிலேயே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறோம். எங்கள் குழுவில் மேலே இருக்கும் ஊர்க்காரர்கள் இருவர் உறுப்பினர்களாக இருப்பது இதனால்தான்.

"கண்மாய் யாருக்குச் சொந்தம்? நாமளே இறங்கி வேலை செஞ்சா யாரும் கேப்பாங்களா?"

கட்டாயம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். தமிழ்நாட்டில் உள்ள சுமார் 39,000 ஏரி, கண்மாய்களில் 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுவாக நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடம் இருக்கின்றன. 2021-இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தபோதிலும் மக்கள் இன்னும் பொதுப்பணித் துறைக் கண்மாய் என்றே சொல்கிறார்கள். விசாரிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புல எண்ணைக் கொண்டு வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டைப் பார்த்தால் நிலத்தின் வகைப்பாடு தெரியும். புல வரைபடத்தில் வரத்துக்காலின் அகலம் தெரியும்.

முதலில் கிராம சபையில் தீர்மானம், அடுத்து உரிய துறையிடம் எழுத்து மூலமான அனுமதி, அதன் பிறகே இயந்திரம் என்பது நாங்கள் பின்பற்றும் வரிசை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்களில் கூடுகிறது. அவற்றுள் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளை ஒட்டிச் சேர்க்கப்பட்டது என்பதால் கண்மாய்த் தீர்மானத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. பங்குனியில் தீர்மானம் போட்டால் கோடையில் வேலை செய்து ஐப்பசி மழைக்கு முன் முடிக்கவும் இயலும்.

"பணமாக் கொடுக்க வசதியில்லை. ஆளா வந்தா ஏத்துக்குவீங்களா?"

பணம் தருபவரைக் காட்டிலும் ஆளாக வருபவரை நாங்கள் அதிகம் எதிர்பார்க்கிறோம். ஆண்டில் எங்களுக்கு நான்கு நிகழ்ச்சிகள் உண்டு. சித்திரையில் வரத்துக்கால் நடை, ஆவணியில் மடை, கலுங்கு பார்வையிடல், மழைக்காலம் முழுவதும் கரைக்காவல், தை மாதத்தில் பறவை பார்த்தல். இவற்றுள் மிகவும் பயன் தருவது முதலாவது.

எங்கள் முதல் நடையில் நடந்ததைச் சொல்கிறேன். வரத்துக்காலைச் சாலை குறுக்கிடும் ஓரிடத்தில் சிமெண்ட் குழாய் பதித்திருந்தார்கள். குழாய் அடைபடவும் இல்லை, உடையவும் இல்லை. ஆனாலும் அதற்கு மேல்புறம் மட்டும் நாணல் அடர்ந்து நின்றது. எங்களோடு வந்த கொத்தனார் ஒருவர், மட்டம் பார்க்கத் தாம் வைத்திருந்த கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் காலின் தரையிலும் மறுமுனையைக் குழாயின் அடிவிளிம்பிலும் பிடிக்கச் சொன்னார். குழாய் ஒரு முழம் உயரத்தில் இருந்தது. ஒரு முழத்துக்குத் தண்ணீர் தேங்கிய பிறகே ஒரு சொட்டாவது கண்மாய்ப் பக்கம் நகர முடியும் என்ற நிலை எத்தனை ஆண்டுகளாக இருந்ததோ, அத்தனை ஆண்டுகளும் ஊர் மழையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கொத்தனார் குழுவுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. ஆனால் அந்தக் குழாயை இறக்கிப் பதிக்க நாங்கள் கொடுத்த மனுவோடு இணைத்த அளவு அவர் எடுத்தது.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்களை வெச்சு ஊர்வலம் நடத்தலாமா?"

ஊர்வலத்தைவிட மழைமானி நல்லது. வட்டமான கண்ணாடிச் சாடியோ, மேலிருந்து அடிவரை ஒரே அகலமுள்ள பிளாஸ்டிக் டப்பாவோ ஒன்றை வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் அளந்து எழுதச் சொன்னால் போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் நீர் என்ற கணக்கைப் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு வகுப்பறைக் கூரையின் பரப்பை அளந்து பெருக்கவும் தொடங்கிவிடுகிறார்கள். அந்த நோட்டின் எண்களை நாங்கள் மனுக்களில் பயன்படுத்தியிருக்கிறோம்.

பறவை பார்க்க அழைத்துப் போகும்போது எங்கள் மாவட்டத்தின் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே வந்து கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக அதைச் சுற்றியுள்ள ஊர்மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. தங்களைப் போன்ற பிள்ளைகள் அதை ஏற்று நடக்கிறார்கள் என்பதைக் கேட்டதும் நம் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

"மரம் நடுற விழா வெச்சாத்தான் கூட்டம் வரும், நன்கொடையும் வரும். ஏன் அதை ஒத்துக்க மாட்டேங்குறீங்க?"

மரம் நடுவதை மறுக்கவில்லை. கண்மாயின் உள்வாயில் நடுவதைத்தான் மறுக்கிறோம். உள்வாய் தண்ணீர் நிற்க வேண்டிய இடம். கரையின் மேலும் கண்டபடி நடக் கூடாது. பெரிய வேர் விடும் மரம் பட்டுப்போனால் வேர் இருந்த துளை வழியே நீர் கசிந்து, கரை அங்கே பலவீனப்படும். பக்கவாட்டில் பருத்த வேர் ஓடாத பனையைத்தான் நம் முன்னோர் கரைகளில் விட்டு வைத்தார்கள். நாங்களும் புரட்டாசியில் பனங்கொட்டை ஊன்றுகிறோம். பனை நிமிர்ந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் நன்கொடையாளருக்குக் காட்டப் படம் கிடைக்காது என்பது உண்மைதான்.

"சீமைக்கருவேலத்தை வெட்டி வித்தாலே நிதி வந்துடுமே?"

அந்த மரங்கள் நிற்கும் நிலத்தைப் போலவே அவையும் குழுவின் சொத்தல்ல. உரிய துறையோ ஊராட்சியோ ஏலம் விட்டு, தொகை அவர்கள் கணக்கில்தான் சேர வேண்டும். குழுவால் செய்யக்கூடியது, ஏல நிபந்தனையில் 'வேரோடு அகற்ற வேண்டும்' என்ற வரியைச் சேர்க்கும்படி கிராம சபையில் வலியுறுத்துவது. வெட்டி மட்டும் எடுத்தால் அடுத்த கோடைக்குள் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்த்துவிடும்.

"குழுவைப் பதிவு செஞ்சே ஆகணுமா? வாட்ஸ்அப் குழு போதாதா?"

ஆளாகக் கூடி வேலை செய்ய வாட்ஸ்அப் குழு போதும். பொதுமக்களிடம் பணம் வாங்கும் நாளிலிருந்து அது போதாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம்; அறக்கட்டளையாக வேண்டுமென்றால் அறக்கட்டளை ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். ஊர்க்குழுவுக்குச் சங்கமே பொருத்தம் என்பது என் கருத்து. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகளை உறுப்பினர்கள் மாற்ற முடியும் என்ற கட்டாயங்கள் தொல்லையாகத் தோன்றினாலும், குழு ஒரே குடும்பத்தின் கைக்குப் போய்விடாமல் அவைதான் காக்கின்றன.

பதிவு முடிந்ததும் சங்கத்தின் பெயரில் பான் எண், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு ஆகிய மூன்றையும் முடித்துவிட்டு ரசீதுப் புத்தகம் அச்சடியுங்கள். தனிநபரின் கணக்குக்குப் போகும் க்யூஆர் அட்டையை, அவர் எத்தனை நேர்மையானவராக இருந்தாலும், ஒரு நாளும் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பணம் வரித்துறையின் பார்வையில் அவருடைய பணம். அவர் காலமானால் அவருடைய வாரிசுகளின் பணம்.

"ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுற மாதிரி கண்மாய்க்கும் போட்டுட்டா என்ன?"

இந்தக் கேள்வியில் நல்ல எண்ணம் இருக்கிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று வகுத்து, யாரும் விடுபடாமல் வசூலிக்கும் பழக்கம் நம் ஊர்களில் ஏற்கெனவே இருப்பதால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தோன்றுவது இயல்பே. எங்கள் முதல் ஆண்டு வசூலும் அப்படித்தான் தொடங்கியது. தொடங்கிய இரண்டே வாரத்தில் அதை நிறுத்தினோம்.

காரணம் இதுதான். தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குவது என்பதோடு, யாரிடம் வாங்குவதில்லை என்பதையும் வகுத்து வைத்திருக்கிறது. பல ஊர்களில் காலனியில் வாழும் தலித் குடும்பங்களிடம் கோயில் வரி கேட்பதில்லை. கேட்காததாலேயே அவர்களுக்குக் கோயில் காரியத்தில் சொல் இல்லை என்றாகிவிடுகிறது. தனியாக வாழும் பெண்களின் வீடு அரைத் தலைக்கட்டாகவோ கணக்கில் வராததாகவோ இருக்கிறது. அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் கண்மாயும் அந்தப் பட்டியலில் உள்ளவர்களுடையதாகவே ஆகிவிடும். ஆனால் பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாக மடை திறந்து வயல்களுக்கு முறை வைத்துப் பாய்ச்சிய நீர்ப்பாய்ச்சிகள் தலித் குடும்பத்தினர். எந்த மடையின் அடியில் கல் பெயர்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

ஆகவே நாங்கள் இரண்டு வகையாகப் பிரித்தோம். ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களுக்கு ஏக்கர் அளவில் பங்குத்தொகை. நிலம் இல்லாத எல்லா வீடுகளுக்கும், சாதி வேறுபாடின்றி, ஒரே அளவான சிறு உறுப்பினர் சந்தா. ஆடு மேய்க்கும் ஒரு மூதாட்டி முந்தானையில் முடிந்திருந்த நாணயங்களைக் கொடுத்துவிட்டு, "கண்மாயில தண்ணி கெடந்தா எங்க ஆட்டுக்கும்தானே" என்றார். அவருடைய ரசீது எண் 41. அடுத்த கூட்டத்தில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்து, கால்நடை இறங்கும் சரிவைக் கல் பதித்து மூடக் கூடாது என்று சொன்னார். அதை ஏற்று வரைபடத்தை மாற்றினோம்.

"அப்போ பணம் அதிகமாக் கொடுத்தவங்க வயலுக்கு முதல்ல தண்ணி விடுவீங்களா?"

இல்லை. தண்ணீர் விடும் முறையில் குழுவுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அது நடைமுறையில் உள்ள பாசன முறைப்படியும், தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000-இன்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் இருக்குமிடத்தில் அதன் வழியாகவும் நடக்க வேண்டியது. எங்கள் ரசீதின் அடியிலேயே இதை அச்சிட்டிருக்கிறோம்.

"பரிசுக் குலுக்கல் சீட்டுப் போட்டா ஒரே மாசத்துல தொகை தேறிடுமே?"

வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி தடை செய்யப்பட்டிருக்கிறது. நல்ல காரியத்துக்காக என்றாலும் பணம் கட்டிச் சீட்டு வாங்கிக் குலுக்கலில் பரிசு பெறும் ஏற்பாடு உங்களைச் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் நிறுத்தும். அதே உழைப்பைக் கண்மாய் மீன் குழம்புச் சாப்பாட்டுக்கோ, ஊர்ப் பெண்கள் செய்யும் பலகாரக் கடைக்கோ செலவிடலாம். தொகை குறைவாக இருந்தாலும் சாப்பிட வருபவர்களிடம் வரத்துக்கால் வரைபடத்தைக் காட்டிப் பேச நேரம் கிடைக்கிறது.

"கடைகள்ல உண்டியல் வைக்கிறது? பேர் போடாம கொடுக்க விரும்புறவங்க இருக்காங்க."

சிறு தொகைக்கு வைக்கலாம். கொடுத்தவரின் பெயரும் முகவரியும் பதிவாகாத நன்கொடை, ஆண்டின் மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 சதவீத வரி உண்டு. ஊர்க் குழுவின் உண்டியல் அந்த எல்லையைத் தொடாது. ஆனால் பெரிய தொகையைப் பெயரின்றி உண்டியல் வழியாகக் கொடுக்க ஒருவர் விரும்பினால், ஏன் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். உண்டியலை இருவர் முன்னிலையில் திறந்து, எண்ணி, அன்றே வங்கியில் கட்டிவிட வேண்டும்.

"நான் கொடுக்குற பணத்துக்கு வரிவிலக்கு கிடைக்குமா?"

சங்கம் வருமான வரித் துறையிடம் 12ஏபி (சங்கத்தின் வருமானத்துக்கான வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கான வரிச்சலுகை) என்று வழங்கும் பதிவுகளைப் பெற்றிருந்தால், பழைய வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்குக் கிடைக்கும். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்குக் கிடைக்காது. ரொக்கமாகக் கொடுப்பது 2,000 ரூபாயைத் தாண்டினால் சலுகை கிடைக்காது. ஆகவே பெரிய தொகையைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ தாருங்கள். முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவு; அதன் காலம் முடியும் முன் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்கத் தவறிய குழுக்கள் உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுவதால் ரசீது வாசகத்தை ஆடிட்டரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

"சிங்கப்பூர்ல இருக்குற எங்க ஊர்ப் பசங்க அனுப்புறோம்னு சொல்றாங்க. வாங்கிக்கலாமா?"

அனுப்புபவரின் கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது இது. இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு வெளிநாட்டில் வேலை செய்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அதைக் குழுவின் சாதாரணக் கணக்கிலேயே வாங்கலாம். அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்டவர், அவர் நம் ஊரிலேயே பிறந்து இந்தக் கண்மாயிலேயே நீச்சல் பழகியவராக இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையை வைத்திருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

அவர்களிடம் வாங்க வேண்டுமென்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று தனிக் கணக்கும் வேண்டும். பதிவுக்குப் பொதுவாக மூன்றாண்டு செயல்பாடும் அந்த மூன்றாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டியிருக்கும். ஊர்க்குழுக்களுக்கு இது எளிதில் எட்டாது. யாராவது ஓர் உறவினரின் கணக்குக்கு அனுப்பச் சொல்லி அவர் பெயரில் ரசீது போடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது சட்டமீறல், செய்யாதீர்கள். குடியுரிமை மாறிய நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லும்போது மனம் வருந்துகிறார்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது நடையில் கலந்துகொள்ள அவர்களை அழைக்கிறோம். பொறியாளர் ஒருவர் அப்படி வந்துதான் எங்கள் கலுங்கின் வரைபடத்தை எழுதிக் கொடுத்தார்.

"கம்பெனிகள்ட்ட சிஎஸ்ஆர் பணம் வாங்குறது எப்படி?"

கம்பெனிகள் சட்டம், 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, தன் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும்; இதுவே சிஎஸ்ஆர். நீர்நிலைப் பாதுகாப்பு அந்தப் பணிகளில் அடங்கும். வாங்கும் குழு, வரிவிலக்கு பற்றிய பதிலில் சொன்ன வருமான வரிப் பதிவுகளோடும் மூன்றாண்டுச் செயல்பாட்டோடும் இருந்து, சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். அதற்குள் வராத புதிய குழு, தகுதியுள்ள பெரிய தொண்டு நிறுவனத்தோடு இணைந்து வேலை செய்யலாம். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் வயலகம் திட்டம் 1992 முதல் கண்மாய்ப் பாசன விவசாயிகளோடு வேலை செய்துவருவது பலருக்கும் தெரிந்ததே.

கம்பெனிகள் தூர் வாருவதற்கே பணம் தர விரும்புகின்றன, ஏனென்றால் அது முன்னும் பின்னும் படத்தில் தெரியும். முதல் பதிலில் போட்ட கணக்கை அவர்களிடமும் போட்டுக் காட்டுங்கள். எண்களைப் புரிந்துகொண்டு வரத்துக்காலுக்குத் தொகையை மாற்றிக் கொடுத்த அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

"அரசாங்கத் திட்டத்துல சேர்ந்து செய்ய முடியாதா?"

முடியும். மக்கள் பங்கேற்போடு நீர்நிலைகளைச் செப்பனிட 2017-இல் மீண்டும் தொடங்கப்பட்ட குடிமராமத்துத் திட்டத்தில் விவசாயிகளின் பங்கு 10 சதவீதமாக இருந்தது. அதைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம் என்ற ஏற்பாடு நல்ல ஏற்பாடு. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. குழு திரட்டிய மூன்று லட்சம் அங்கே ஒன்பது லட்சம் ரூபாய் வேலையாக மாறும் என்பதால், இருக்கும் பணத்தை உடனே செலவழித்துவிடாமல் மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பித்துப் பாருங்கள்.

"தூர் வார்ற வண்டலை வித்தா டீசல் செலவாவது தேறுமே?"

விற்கக் கூடாது. வண்டலும் சிறு கனிமமே. 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி, விவசாயிகள் தங்கள் சொந்த நிலத்துக்கு உரிய அனுமதியோடு இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்பது அளவு. மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் தனி அளவு உண்டு. அனுமதி பெற வட்டாட்சியரை அணுகுங்கள். குழுவே விற்பனையில் இறங்கிவிட்டால், இரவில் மண் அள்ளுபவர்களைத் தட்டிக்கேட்கும் உரிமையை அன்றோடு இழந்துவிடுகிறது.

"வரத்துக்காலை ஆக்கிரமிச்சவரே பெரிய தொகை கொடுக்க வர்றார். வாங்கலாமா?"

எங்களுக்கு இது நேர்ந்தது. வரத்துக்காலின் ஓரத்தைத் தம் தோட்டத்தோடு சேர்த்து வேலி போட்டிருந்த ஒருவர், அந்த ஆண்டின் மிகப் பெரிய நன்கொடையைத் தர முன்வந்தார். குழுவில் இரண்டு கூட்டங்கள் இதைப் பற்றியே பேசினோம். இறுதியில், அளவீடு முடிந்து வேலி பின்னுக்குப் போன பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று எழுத்தில் தெரிவித்தோம். வேலி இன்னும் நகரவில்லை, தொகையும் வாங்கவில்லை. அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆயினும் அவருடைய வீட்டுப் பிள்ளைகள் பறவை பார்க்க வரும்போது எல்லாரையும் போலவே அழைத்துப் போகிறோம்.

ஆக்கிரமிப்பை அகற்றுவது குழுவின் வேலையன்று. தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007 அந்தப் பொறுப்பை அரசு அலுவலர்களிடம் வைத்திருக்கிறது. பொதுநிலங்களை மீட்டு ஊருக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் கூறியதும் அரசுகளை நோக்கியே. நாம் செய்ய வேண்டியது புல வரைபட நகலோடு மனு கொடுத்து, ஒப்புகையை வாங்கி, விடாமல் தொடர்வது. தங்க வேறு இடமில்லாத ஏழைக் குடிசைகள் வழியில் இருந்தால் மாற்று இடம் கேட்டு அவர்களுக்காகவும் அதே மனுவில் எழுதுங்கள்.

"கணக்குல எங்களுக்குச் சந்தேகம் இருக்கு. நேரா கேட்டா கோவிச்சுக்குவீங்களோன்னு கேக்கல."

கேளுங்கள். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசும் இடத்திலேயே, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்று சொல்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் கேட்ட கேள்வியை இன்று கேட்பதில் தவறில்லை.

எங்கள் கணக்கு ஒவ்வொரு பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரை ஆலமரத்தடியில் வாய்விட்டு வாசிக்கப்படுகிறது. படிக்கத் தெரியாதவர்களும் உறுப்பினர்கள் என்பதால் தட்டியில் ஒட்டினால் மட்டும் போதாது. இயந்திரச் செலவுக்கு, மீட்டரின் தொடக்க மணியும் முடிவு மணியும் எழுதிய சீட்டில் அன்று அங்கே இருந்த உறுப்பினர் இருவர் கையெழுத்திட வேண்டும். ஒருமுறை டீசல் சீட்டு ஒன்று இல்லாமல் போய், அந்தத் தொகையை நான் என் கையிலிருந்து கட்டினேன். அதையும் அந்த மாதமே வாசித்தேன்.

"வேலை முடிஞ்சுபோச்சு, பணம் மிச்சமிருக்கு. குழுவைக் கலைச்சுட்டுப் பங்கு பிரிச்சுக்கலாமா?"

பதிவு பெற்ற சங்கத்தின் பணத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. கலைத்தாலும் அதே நோக்கமுள்ள வேறொரு சங்கத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் வேலை எப்படி முடியும்? மடையின் திருகு ஒவ்வோர் ஆவணியிலும் கிரீஸ் கேட்கும். கலுங்கின் அடித்தளத்தில் ஒரு கல் பெயர்ந்தால், அந்த ஆண்டே வைக்காவிட்டால் மறு ஆண்டு பத்துக் கல் பெயரும். ராமநாதபுரம் மாவட்டத்து இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்வார்கள். அத்தனை மடைகளையும் யாரோ ஆண்டுதோறும் பார்த்து வந்ததால்தான் அந்தப் பெயர் நிலைத்தது.

நாங்கள் ஒவ்வோர் ஆண்டு வசூலிலும் ஒரு பகுதியை நிரந்தர வைப்பாகப் போட்டு, அதன் வட்டியில் ஆவணி வேலைகளைப் பார்க்கிறோம். இந்த ஆண்டு வட்டியில் இரண்டாம் மடையின் திருகுக் கம்பி மாற்ற வேண்டியிருக்கிறது. தெற்கு வரத்துக்காலில் நாணல் அறுக்க ஆள் தேவை. புரட்டாசி இரண்டாம் ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சாலைக் குழாயருகே கூடுகிறோம். அரிவாள் இருந்தால் கொண்டு வாருங்கள்.